எழுந்தார் என்பது மட்டும்

எங்கள் அடுப்பின் இடதுபக்க பர்னர் முதல் தடவை பிடிக்காது. குமிழை அழுத்தித் திருப்பி, விட்டுவிட்டு, மறுபடியும் அழுத்த வேண்டும். "இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா சரிபண்ணிடறேன்" என்று அன்று காலையில் என் கணவர் சொன்னார். அன்றைக்கே ஞாயிறுதான். அதைச் சொன்னேன்.

"நான் சொன்னது பொதுவான ஞாயிறு" என்றார்.

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஆளிடம் நாள் கிழமை பேசி ஜெயிக்க முடியாது. சிரித்துவிட்டு வலதுபக்க பர்னரில் பால் வைத்தேன்.

சாயங்காலம் வழக்கம்போலப் பல் டாக்டர் வந்தார். அவரும் என் கணவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இவர் அவரைப் "பல்லு" என்பார், அவர் இவரை "வாத்தி" என்பார். எனக்கு அவர் அண்ணா. ஞாயிறு தவறாமல் எங்கள் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, உலகம் உண்மையா, அதைப் பார்க்கிற மனசு உண்மையா என்று இரண்டு பேரும் தொண்டை வறளக் கத்துவார்கள். நியாயமாகப் பார்த்தால் கட்சி மாறித்தான் இருந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி எலும்பையும் நரம்பையும் நோண்டுகிறவர், அறிவுதான் முதல், உலகம் அதற்குள் தோன்றுவது என்பார். என் கணவரோ எல்லாம் அணுக்களின் ஆட்டம், அதற்கு மேல் ஒரு மண்ணும் இல்லை என்பார்.

"தோற்றேன்" என்று சொல்ல இருவருக்குமே வாய் வராது. அதனால் மாணவர்களாக இருந்தபோதே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பதில் இல்லாதவன் பேசாமல் எழுந்துபோய் டீ போட வேண்டும். எழுந்தால் முடிந்தது. டீ குடிக்கும்போது அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கக் கூடாது. நடுவில் வேறு காரியமாக எழுந்திருக்க வேண்டுமென்றால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதலில் கையைத் தூக்கி "பாத்ரூம்" என்றோ "ஃபோன்" என்றோ அறிவித்துவிட்டுத்தான் எழ வேண்டும். நரைத்த தலையோடு இரண்டு பேர் கை தூக்குவதைப் பார்த்து எங்கள் மகள் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்றைக்கு வலியைப் பற்றிப் பேச்சு. நான் சாப்பாட்டு மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து முன்னறையும் தெரியும், சமையலறை வாசலும் தெரியும்.

"மரத்துப்போக ஊசி போட்டுட்டுப் பல்லைப் பிடுங்கறேன். பல்லும் அதேதான், குறடும் அதேதான். வலி எங்கடா போச்சு?" என்றார் டாக்டர்.

"எங்கேயும் போகல. கம்பி அறுந்துபோச்சு. சேதி மேல போகல."

"சேதி யாருக்குப் போகணும்?"

"யாருக்கும் இல்ல. உள்ளே ஒரு முதலாளி உட்கார்ந்து சேதி வாங்கறார்னு நெனச்சியா? வீடு காலிடா பல்லு. விளக்கு மட்டும் எரியுது."

"காலி வீட்டுல விளக்கு எரியுதுன்னு இப்போ எனக்குச் சொன்ன ஆள் யாரு?"

என் கணவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பிறகு எழுந்தார்.

டாக்டர் கையைத் தட்டினார். "எழுந்துட்டான்! போ ராசா போ. சர்க்கரை தூக்கலா போடு."

என் கணவர் என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை. இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் நின்று வலது கையால் சுவரைத் தடவினார், ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி. உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மாலையிலேயே நான்தான் போட்டிருந்தேன். எரிகிற விளக்கைப் போடத் தேடினார். நான் மடித்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்தேன். அதற்குள் உள்ளே போய் விழுந்துவிட்டார். ஒரு பாத்திரமும் மூடியும் கூடவே உருண்டன.

முன்னறையிலிருந்து டாக்டர் சிரித்துக்கொண்டே கத்தினார்: "என்னடா, தோத்த கோபத்தைப் பாத்திரத்து மேல காட்டறியா?"

அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் நான் அலறிவிட்டேன்.

டாக்டர் ஓடிவந்து மார்பை அழுத்தினார், ஊதினார், அழுத்தினார். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர் வெளியே வந்து, இங்கே கொண்டுவரும் முன்பே போய்விட்டது என்றாள். எது போய்விட்டது என்று கேட்க நினைத்தேன். என் கணவரும் பல் டாக்டரும் காலமெல்லாம் அடித்துக்கொண்டது அதைப் பற்றித்தான். இந்தப் பெண் இரண்டு சொல்லில் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

அதற்கப்புறம் வீடு நிறைய ஆட்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மீது கோபப்படக் கூடாதாம். எனக்கு அந்த நல்ல குணம் இல்லை. வேதியியல் வாத்தியார் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆற்றல் அழியாதுன்னு சார்தானே பாடம் எடுத்தார், அவர் எங்கேயும் போகலம்மா" என்றார்.

"ஆறிப்போன டீயில இருந்த சூடுகூட எங்கேயும் அழியல, சார். அதுக்காக ஆறின டீயைக் குடிப்பீங்களா?" என்றேன்.

அவர் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு எழுந்துபோனார். என் நாத்தனார், "அவளுக்கு அதிர்ச்சி, எதையாவது பேசறா" என்று அவரைச் சமாதானப்படுத்தினாள். நான் எதையாவது பேசவில்லை. சரியாகத்தான் பேசினேன்.

என்னை நிஜமாகவே எரியவைத்தது அது இல்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வந்துசேர்ந்து அழுது ஓய்ந்த பிறகு, என் மடியில் தலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா கடைசியில ஒத்துக்கிட்டாராமே, அம்மா?"

"எதை?"

"டாக்டர் மாமா சொன்னார். உடம்பு மட்டும் இல்ல, அதுக்கும் மேல ஒண்ணு இருக்குன்னு. கையைத் தூக்காமயே எழுந்தாராம். சிரிச்சுட்டே டீ போடப் போனாராம்."

சிரித்துக்கொண்டே. அவள் தலையை வாரிக்கொண்டிருந்த சீப்பை அப்படியே வைத்துவிட்டேன்.

முன்னறையில் டாக்டர் நான்கு பேரைச் சுற்றி உட்காரவைத்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. முதலில் எழுந்தான். பிறகு சிரித்தான். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் அவர் கண் கலங்கியது. கேட்டவர்கள் கண்ணும் கலங்கியது. ஜென்மத்துக்கும் நாத்திகம் பேசிய மனிதர் கடைசி மூச்சில் திருந்திவிட்டார் என்று அவர்கள் தலையாட்டினார்கள். கல்லூரியில் நினைவுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அங்கே டாக்டர்தான் முக்கியப் பேச்சாளர்.

நீதிமன்றத்தில் தட்டச்சு செய்வது என் வேலை. சாட்சி சொல்வது சொன்னபடி காகிதத்தில் ஏற வேண்டும். "அவன் கோபமா வெளியே போனான்" என்று சாட்சி சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் உடனே எழுந்துவிடுவார். போனதைப் பார்த்தாய், சரி. கோபத்தை எங்கே பார்த்தாய்? பார்த்ததும் நினைத்ததும் ஒரே வாக்கியத்துக்குள் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கேட்டுக் கேட்டு என் விரல்களுக்கே தெரியும். என் கணவர் எழுந்தார். அது நான் பார்த்தது. தோற்றார் என்பது டாக்டர் ஒட்டியது. நாளைக்கு முந்நூறு மாணவர்கள் முன்னால் அதைச் சொல்லிவிட்டால் அதுதான் நடந்ததாகிவிடும். நான் ஒருத்தி மட்டும் வேறு ஒன்றைப் பார்த்தவளாக மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். உதவிக்கு இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அந்த அறையில் இரண்டு இருக்கைகள்தான். சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று, அதில் அவர். இன்னொன்று நோயாளியின் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் சாய்ந்துதான் ஆக வேண்டும். சண்டை போடப் போனவள் காலை நீட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தேன். கோபத்துக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

"நாளைக்குக் கூட்டத்துல அதைச் சொல்லாதீங்க அண்ணா."

"எதைம்மா?"

"அவர் தோத்துட்டு எழுந்தார்னு."

அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். "நான் கெட்டதாவா சொல்றேன்? இத்தனை வருஷம் கல்லு மாதிரி நின்னவன் கடைசியில கொஞ்சம் இளகினான்னு சொல்றேன். அவனுக்குப் பெருமைதானே அது?"

"உங்களுக்குப் பெருமை. அவருக்கு இல்ல. அவரை எதுக்கும் ஒருத்தரும் இளக்கல. நெஞ்சு அடைச்சுது, எழுந்தார்."

"கையைத் தூக்கலையேம்மா. பாத்ரூம் போகணும்னாக்கூட அறிவிக்காம அவன் எழுந்ததே இல்ல. விதியில அவன் எவ்வளவு கறார்னு உனக்கே தெரியும்."

"கை வந்திருந்தாத்தானே தூக்குவார்? தொங்கிட்டு இருந்தது. நான் பார்த்தேன். எரியற விளக்கைப் போட ஸ்விட்சைத் தேடினார். கண்ணே தெரியல அண்ணா அவருக்கு. நீங்க சர்க்கரை தூக்கலா போடுன்னு சொல்லிட்டு இருந்தீங்க."

அவர் ஸ்டூலை முன்னும் பின்னும் உருட்டினார். வாதம் தேடுகிறபோது எங்கள் வீட்டு நாற்காலியையும் அப்படித்தான் ஆட்டுவார். தேடுகிறார் என்று தெரிந்ததுமே எனக்கு உச்சந்தலை சுட்டது.

"சரி, ரத்தக்குழாய் அடைச்சுத்தான் எழுந்தான்னே வெச்சுக்குவோம். அவன் கட்சிப்படி தோத்து எழுந்தாலும் அணுக்கள் ஆடித்தான் எழுந்தான், வலிச்சு எழுந்தாலும் அணுக்கள் ஆடித்தான் எழுந்தான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? இல்ல, வித்தியாசம் உண்டு, அவர் மனசுல தோல்வி இல்லைன்னு நீ சொல்ற. அப்போ மனசுன்னு தனியா ஒண்ணு இருக்குன்னு ஆயிடுச்சே. நீ என் கட்சிம்மா."

நல்ல வாதம். அதுதான் பொறுக்கவில்லை. என் கணவர் இருந்திருந்தால் தொடையைத் தட்டிக்கொண்டு "பலே" என்றிருப்பார். ராத்திரி படுக்கையில் என்னிடம், பல்லு இன்னிக்கு நல்லா மடக்கினான் என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

"என் புருஷன் செத்ததை வெச்சு எனக்கே கொக்கி போடறீங்களா?" என்றேன். எழுந்து உட்காரப் பார்த்தேன், அந்த நாற்காலி விடவில்லை. "எந்தக் கட்சியிலயும் நான் இல்ல. நீங்க ரெண்டு பேரும் உலகம் இருக்கா இல்லையான்னு கத்தினப்போ, அந்த உலகத்துல துணி மடிச்சது நான். நான் பார்த்ததைச் சொல்றேன். நீங்க நெனச்சதைச் சொல்றீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "அவன் போயிட்டான்னு நீ நெனைக்கறதாலதான் உனக்கு இவ்வளவு கோபம். வாத்தியே சொல்லுவானே, நேரம் ஓடறதே இல்ல, எல்லா நிமிஷமும் அதது இடத்துல அப்படியே இருக்குன்னு. அவன் சொன்னபடியே பார்த்தாலும் அவன் உங்க முன்னறையில உட்கார்ந்து என்னோட சண்டை போட்டுட்டேதான் இருக்கான். எங்கேயும் போகலம்மா."

"அப்படியா? அப்போ உங்க முன்னறை மட்டும்தான் இருக்கா, என் கிச்சன் இல்லையா? அங்கே அவர் இன்னும் விழுந்துட்டேதான் இருக்கார். நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிச்சுட்டேதான் இருக்கீங்க."

டாக்டர் எழுந்தார். ஸ்டூல் பின்னால் உருண்டு போய் அலமாரியில் இடித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். எங்கே போவது என்று தெரியவில்லை போலிருந்தது.

நான் கிடந்த இடத்திலிருந்தே சொன்னேன்: "எழுந்துட்டீங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"கையைத் தூக்கல. எதுக்குன்னும் சொல்லல. தோத்துட்டீங்களா? நாளைக்கு நானும் மேடையில ஏறி, டாக்டர் என்கிட்ட ஒத்துக்கிட்டார்னு சொல்லட்டுமா? சிரிச்சுட்டே எழுந்தார்னு சொல்லட்டுமா?"

"இல்லம்மா... முடியல. உட்கார முடியல என்னால."

"அவருக்கும் முடியல."

டாக்டர் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். குழாய் தானாகத் திறந்து தண்ணீர் கொட்டியது. கையை எடுத்தார், நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"நான் கத்தினது... பாத்திரம் உருண்டப்போ. அது அவனுக்குக் கேட்டிருக்குமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கணவர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்க வேண்டும் என்று இவருக்கு ஏன் இவ்வளவு தேவை என்று. தோற்றவன் டீ போடப் போனான் என்றால், அவர் கத்தியது விளையாட்டின் பாகம். இல்லையென்றால் அது என்ன?

"தெரியாது" என்றேன்.

"நீ பக்கத்துல இருந்தியே."

"இருந்தேன். கண் திறந்திருந்தது. அதுக்குப் பின்னால ஆள் இருந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"கேக்கலன்னு சொல்லேன்மா. விழுந்தப்பவே எல்லாம் நின்னு போயிருக்கும், கம்பி அறுந்த மாதிரின்னு. நீ சொன்னா நான் நம்பிடுவேன்."

"இத்தனை காலம் அறிவு எங்கேயும் எப்பவும் இருக்கு, அணையவே அணையாதுன்னு அவர்கிட்ட மல்லுக்கு நின்னீங்க. அந்த ஒரு நிமிஷம் மட்டும் அது அணைஞ்சிருக்கணுமா உங்களுக்கு? வீடு காலியா இருக்கணுமா?"

அவர் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடும் என்று எவனோ சொல்லிவைத்ததை நான் நம்பியிருந்தேன். போகாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

"பார்க்காததை நான் சொல்ல மாட்டேன் அண்ணா. நீங்களும் சொல்லாதீங்க" என்றேன். "இந்த நாற்காலியை நிமிர்த்துங்க. நான் போகணும்."

அவர் காலால் கீழே எதையோ மிதித்தார். நாற்காலி முனகிக்கொண்டே மெதுவாக நிமிர்ந்தது. அது முழுசாக நிமிரும் வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கல்லூரி அரங்கில் முதல்வர் பேசினார், மாணவர்கள் பேசினார்கள், வேதியியல் வாத்தியார் என்னைப் பார்க்காமல் பேசினார். கடைசியில் டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு தங்கள் ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். பதில் இல்லாதவன் எழுந்து டீ போட வேண்டும் என்றதும் மாணவர்கள் சிரித்தார்கள்.

"அன்னிக்கு அவன் எழுந்தான்" என்றார். "ஏன்னு எனக்குத் தெரியாது. தோத்துட்டான்னு நெனச்சு நான் கைதட்டினேன். அவன் விழுந்த சத்தம் கேட்டு நான் சிரிச்சேன். அவன் சொல்லாத பதிலை எனக்குச் சாதகமா எழுதிக்கப் பார்த்தேன். அது தப்பு. அந்தக் கேள்வி இன்னும் முடியல."

அவ்வளவுதான் பேசினார். இறங்கி வந்துவிட்டார். முக்கியப் பேச்சாளரிடம் அரை மணி நேரம் எதிர்பார்த்திருந்த கூட்டத்துக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒருவர் தட்ட ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் வெடித்தாள்.

"உனக்கு இப்போ நிம்மதியா?"

"இல்ல."

"அப்பா எங்கேயோ இருக்கார்னு அவரே சொல்லிட்டுப் போன மாதிரி இருந்தது, அம்மா. அதை நெனச்சுட்டுத்தான் ரெண்டு ராத்திரி தூங்கினேன். அப்படியே விட்டிருந்தா உனக்கு என்ன போச்சு?"

"எங்கேயோ இருக்கார்னு நீ நெனச்சுக்கோ. யாரு வேண்டாம்னா? ஆனா அவர் சொன்னார்னு நெனைக்காதே. செத்தவர் வாயில யார் வேணாலும் எதை வேணாலும் போடலாம்னா, நாளைக்கு அவர்னு ஒருத்தர் மிச்சம் இருக்க மாட்டார். நாமளா செஞ்ச ஒருத்தர்தான் இருப்பார்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த துணிகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்து மடித்தாள். அதில் அவருடைய சட்டையும் இருந்தது. அதையும் மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாக்டர் வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வரச் சொல்லவும் இல்லை. தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, மகள் தரையில் உட்கார்ந்தாள். நான் மேசைப் பக்கம் இருந்தேன். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

மகள்தான் கேட்டாள். "மாமா, நிஜமாவே எங்கேயாவது இருப்பாரா?"

டாக்டர் வாயைத் திறந்தார். இதற்கு அவரிடம் ஆயிரம் பதில் உண்டு, என் காதாலேயே கேட்டிருக்கிறேன். மூடிக்கொண்டார். பிறகு எழுந்தார். கையைத் தூக்கவில்லை. என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். ஏன் எழுந்தார் என்று நான் எழுத மாட்டேன். எழுந்தார் என்பதை மட்டும் பார்த்தேன்.

உள்ளே பாத்திரம் எடுக்கிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு அடுப்பின் குமிழைத் திருப்புகிற சத்தம். டக். ஒன்றும் பிடிக்கவில்லை. வேறு பர்னர் இருப்பது அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. மறுபடியும் டக்.

எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான். கொஞ்ச நேரம் திண்டாடட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். "அழுத்தித் திருப்பி, விட்டுட்டு, மறுபடியும் அழுத்தணும்."

இடதுபக்க பர்னர் இன்றைக்கும் முதல் தடவை பிடிப்பதில்லை.